பாஸ் மார்க் வாங்கிய மூக்கு

மூக்கு முகத்தின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் சொல்லப்படவில்லை. இதை நான் சொல்லவில்லை. எங்கள் தொழிற்சாலை ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி பாஸ்கரன், 1988ஆம் வருடம் ஆடி மாதம், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு வேம்புலியம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஆகையால் நடுநிலையோடு சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

வேம்புலியம்மாள் கள்ளிக்குப்பத்துக்காரி. அவளைப் பெற்றவர்கள் அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். வயலெல்லாம் வீட்டு மனையான பிறகு இவள் ஆவடிப் பக்கம், ராணுவத்துக்குச் சாமான் செய்யும் எங்கள் தொழிற்சாலையில், பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் அங்கே கேன்டீன் எழுத்தர், பெயர் மனோகரன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே குற்றத்துக்காக, யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் பிடிப்பார்கள். என்னைவிட எட்டு வயது மூத்தவள் என்பதால் நான் வேம்பக்கா என்பேன். அவள் என்னைத் தம்பி என்பாள், கோபம் வந்தால் நைனா என்பாள்.

மரப்பெட்டியை இறுக்கிக் கட்டும் இரும்புப் பட்டை ஒருநாள் அறுந்து வந்து அவள் மூக்கில் அடித்தது. தண்டு உடைந்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியின் காது மூக்குத் தொண்டை டாக்டர் இராமகிருஷ்ணன் ஆபரேஷன் செய்தார். கட்டைப் பிரித்தபோது மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்த ஆறு மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன். கட்டைப் பிரித்தபோது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் வழியில் ஒரு கணமாவது அது நேராக நின்றிருக்கத்தான் வேண்டும். அந்த நேரம் பார்த்து அக்கா மயக்கத்தில் இருந்தாள்.

கோணலைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். மூச்சு வரவில்லை, அதுதான் விஷயம். ஒரு துவாரம் சுத்தமாக அடைத்துவிட்டது, மற்றதில் ஊசி முனையளவு காற்று. வாயால்தான் மூச்சு விட வேண்டும். பேக்கிங் பிரிவில் வாயைத் திறந்து வைத்தால் உள்ளே போவது மரத்தூள். மத்தியானத்துக்குள் தொண்டை அடைத்து, இருமி இருமிக் கண் பிதுங்கிப் போவாள்.

இரண்டாவது தடவை கட்டைப் பிரித்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் கண்ணாடியை நீட்டினார். அக்கா வெகுநேரம் பார்த்தாள். பிறகு வலது மூக்கை விரலால் தடவித் தடவித் தேடினாள்.

"சார், என் மூக்குத்தி ஓட்டைய காணமே."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "கவனிச்சிட்டீங்களா? நீங்க கேக்காமலே பண்ணியிருக்கேன். மெடிக்கல் சயின்ஸ்ல மூக்குக்கு ரெண்டு ஓட்டைதாம்மா. மூணாவதா ஒண்ணு இருந்தா அது கோளாறு. கண்ணால பாத்துட்டுச் சும்மா விட முடியுமா? டாக்டரா எனக்குன்னு ஒரு மனசாட்சி இருக்கே."

"அது ஏழு வயசுல குத்தினது சார். எங்க ஆயாவோட பேசரி மூக்குத்திய போட்டுகினு இருந்தேன். தொறக்க சொன்ன ஓட்டை அடைச்சிகினு கீது. தன்பாட்டுக்குத் தொறந்து கெடந்தத தெச்சி உட்டீங்களே."

"எல்லாம் போகப் போகச் சரியாயிடும்" என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அறிக்கையில் இப்படி எழுதியிருந்தார்: 'கூடுதலாகக் காணப்பட்ட ஒரு சிறு துளையும் வெற்றிகரமாக அடைக்கப்பட்டது.'

அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். அங்கே காட்டினால் சரி செய்துவிடுவார்கள் என்று பேக்கிங் பிரிவில் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரி பரிந்துரைத்துக் கடிதம் கொடுக்காமல் வேறெங்கும் போய்ப் படுக்கக் கூடாது. படுத்தால் சொல்லாமல் வேலைக்கு வராதவள் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மனுவை நான் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டுதான் பாஸ்கரனிடம் போனோம். மூக்கு நடுவில் இருக்க வேண்டியதில்லை என்ற ஞானம் அங்கேதான் கிடைத்தது.

"இந்த மாதிரி ரெண்டாவது ஆபரேஷனுக்கு அப்புறமும் ஒருத்தருக்கு மனக்குறை இருந்தா, அவங்களுக்கு மூணு வழி இருக்கு" என்று பாஸ்கரன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "முதல் வழி, பழகிக்கிறது. நிறைய பேர் இதைத்தான் எடுத்துக்கிறாங்க. ரிசல்ட்டும் இதுலதான் நல்லா இருக்கு. ரெண்டாவது, திருப்திச் சான்றுல கையெழுத்துப் போடறது. போட்டா ஃபைலை மூடிடலாம். மூணாவது, மூக்கு மறுபரிசீலனைக் குழுவுக்கு எழுதறது."

"எனக்கு லெட்டர் குடுத்தா போதும் சார். மூச்சு வுட முடியல."

"லெட்டர் குடுத்தா இங்க சரியாப் பண்ணலைன்னு ஆயிடும்மா. சரியாப் பண்ணலைன்னு இந்த ஆஸ்பத்திரி வரலாற்றுல ஒரு கேஸ் கிடையாது. ஏன் கிடையாது? இதுவரைக்கும் யாருக்கும் லெட்டர் குடுத்ததில்ல." தான் சொன்னதில் தனக்கே ஏற்பட்ட பெருமிதத்தில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

மூன்றாவது வழியில் போனோம். நாலு மாதம் கழித்துக் குழு கூடியது. குழுவின் தலைவர் டாக்டர் இராமகிருஷ்ணனே. உள்ளே என்ன செய்திருக்கிறது என்று செய்தவருக்குத்தானே தெரியும் என்று பாஸ்கரன் விளக்கினார். நேர், கோணல் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கட்டடப் பிரிவு இன்ஜினியரைப் போட்டிருந்தார்கள். தயாரான பொருளின் தரம் என்பதால் தரப் பரிசோதகர் ஒருவர். பாஸ்கரன் குறிப்பெடுத்துக்கொள்ள.

அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இன்ஜினியர் கொத்தனார் வைத்திருப்பதுபோல் ஒரு தூக்குக்குண்டைக் கொண்டு வந்து அவள் நெற்றியிலிருந்து தொங்கவிட்டார். குண்டு ஆடி அடங்கும்வரை மூச்சு விடாமல் இருக்கச் சொன்னார். அதில் அக்காவுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. பிறகு பரிசோதகர் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்து, "நாலு மில்லிமீட்டர் கோணல். நாங்க அஞ்சு வரைக்கும் பாஸ் பண்றோம்" என்றார்.

"மூக்குக்கா சார்?" என்று கேட்டாள் அக்கா.

"பெட்டிக்கும்மா. மூக்குக்குத் தனி அளவு இன்னும் மேலேர்ந்து வரல."

கடைசியில் மூச்சுப் பரிசோதனை. ஒரு முகக்கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்தார்கள். இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. வலப்பக்கம் லேசாக ஆவி படிந்தது. டாக்டர் எழுந்து நின்று குழுவுக்குக் காட்டினார். "ரெண்டு துவாரம். ஒண்ணு வேலை செய்யுது. எவ்வளவு பர்சன்ட்?"

"ஐம்பது" என்றார் இன்ஜினியர்.

"எஸ்.எஸ்.எல்.சி.யில பாஸ் மார்க் எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு."

"நம்ம பிள்ளைங்க முப்பத்தஞ்சு வாங்கினா வீட்டுல பாயசம் வைக்கிறோம். இந்தம்மா மூக்கு ஐம்பது வாங்கியிருக்கு, அழுதுகிட்டு உக்காந்திருக்காங்க" என்றார் டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள். பரிசோதகர் பழக்க தோஷத்தில் பையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்து, எங்கே குத்துவது என்று அக்காவின் முகத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு ஃபைலின் மேல் குத்தினார். 'ஏற்கப்பட்டது.'

அதோடு முடிந்ததா? இல்லை. மறுவாரம் தொழிற்சாலை வாசலில் அடையாளச் சோதனை வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் அங்க அடையாளம் எழுதிய பெரிய பதிவேடு ஒன்று காவல் பிரிவில் உண்டு. வேம்புலியம்மாள் பெயருக்கு எதிரே எழுதியிருந்தது, 'வலது மூக்கில் மூக்குத்தித் துளை.' வாசலில் நின்ற காவலாளி முனியன் பதிவேட்டைப் பார்த்தான், மூக்கைப் பார்த்தான், மறுபடியும் பதிவேட்டைப் பார்த்தான்.

"டேய் முனியா, நான்தான்டா. ரெண்டு ஊடு தள்ளிப் பொறந்தவன்தானே நீ?"

"எனக்குத் தெரியும்க்கா. புக்குக்குத் தெரியலியே. நான் இன்னா பண்றது சொல்லு."

துளை இருந்தது உண்மைதான் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். கோளாறு என்று அறிக்கையில் எழுதிய துளையை நல்லாயிருந்த மூக்குத்தித் துளை என்று தான் எப்படி எழுதிக் கொடுக்க முடியும் என்று டாக்டர் மறுத்தார். அதனால் தினமும் காலையில் எண்ணூறு பேர் உள்ளே போகிறவரை அக்கா வாசலில் ஓரமாக நிற்க வேண்டும். பேக்கிங் மேஸ்திரி வந்து இவள் எங்கள் ஆள்தான் என்று சொன்ன பிறகு அன்றைக்கு மட்டும் ஒரு சீட்டு கொடுப்பார்கள். சீட்டில் அச்சடித்த வாசகம், 'அடையாளம் அற்றவர்.'

பத்தொன்பது நாள் அந்தச் சீட்டோடு உள்ளே போனாள். இருபதாவது நாள் என் கேன்டீன் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்து அழுதாள். பதினாறு வருஷம் அதே வாசலில் நுழைந்தவள். மூக்கடைத்தவளால் நிம்மதியாக அழக்கூட முடியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு விசும்பலுக்குள் மூச்சு முட்டி, முகம் கறுத்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. டம்ளரில் தண்ணீர்தான் கொடுக்க முடிந்தது.

குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போறேன் தம்பி. அந்தத் திருப்திச் சான்றுல கையெழுத்து போட்டுட்டு வந்துர்றேன்."

"அக்கா, போட்டா லெட்டர் கனவுலகூட கிடைக்காது. ஃபைலை மூடிடுவாங்க."

"மூடட்டும் நைனா" என்று எழுந்தாள்.

அவள் சம்மதித்த செய்தி கேட்டு ஆஸ்பத்திரியே அமர்க்களப்பட்டது. அந்த வருடம் 'நூறு சதவீதத் திருப்தி'க் கேடயத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரி போட்டியிட்டிருந்தது. கையெழுத்துப் போடாமல் பாக்கி இருந்தவள் இவள் ஒருத்திதான். மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்தார்கள், போட்டோக்காரர் வந்தார். டாக்டர் பேசினார். "நோயாளிகள்ல ரெண்டு வகை. குணமானவங்க, புரிஞ்சிக்கிட்டவங்க. இந்தம்மா ரெண்டாவது வகை. என்னைக் கேட்டா குணமாகிறதைவிட அதுதான் பெருசு." கைதட்டினார்கள்.

சான்றை பாஸ்கரன் உரக்கப் படித்துக் காட்டினார். 'எனக்குச் செய்யப்பட்ட அறுவை சிகிச்சையில் நான் முழுத் திருப்தி அடைந்தேன். இதை எங்கும் எவரிடமும் மகிழ்ச்சியுடன் தெரிவிப்பேன்.'

"இன்னொரு வாட்டி படிங்க சார்" என்றாள் அக்கா. படித்தார். கையெழுத்துப் போட்டாள். "முத்திரை குத்தி எனக்கு ஒரு காப்பி குடுங்க" என்று கேட்டாள். சந்தோஷத்தில் இரண்டாகவே கொடுத்தார்கள். காவல் பிரிவுக்கும் கடிதம் போனது. பதிவேட்டில் பழைய அடையாளத்தை அடித்துவிட்டு 'திருப்திகரமான மூக்கு' என்று எழுதிக்கொண்டார்கள்.

நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. அத்தனை மனு எழுதிய என் கைக்கு என்ன மரியாதை என்று கோபம். மூன்றாம் நாள் அவளே வந்தாள்.

"ஏந்தம்பி, அந்த டாக்டரு சாயங்காலத்துல எங்கியோ தனியா பாக்குறாராமே, அது எங்க கீது?"

"மண்ணூர்பேட்டை மெயின் ரோடு. சைக்கிள் கடை மாடியில. எதுக்கு?"

"கூட வா. வந்து பாரு."

போனேன். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவள்போல் வந்திருந்தாள். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்று. சாமி படம் என்றுதான் நினைத்தேன். கிளினிக்கில் நாலு பெஞ்சு, பதினோரு பேர் காத்திருந்தார்கள். அக்கா முதல் பெஞ்சில், உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து, சட்டத்தை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். அது திருப்திச் சான்று. நான் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்திலிருந்த அம்மாளின் பெயர் பார்வதம், திருமுல்லைவாயிலிலிருந்து வந்திருந்தாள். மகளுக்கு மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, அடுத்த வாரம் ஆபரேஷன். பார்வதத்தின் மூக்கில் ஏழு கல் மூக்குத்தி மின்னியது. கொஞ்ச நேரம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் பேச்சுக் கொடுத்தாள்.

"உங்களுக்கு என்னங்க ஆபரேஷனா?"

"மூக்கும்மா. ரெண்டு வாட்டி பண்ணாரு. எனக்கு ரொம்பத் திருப்தி."

"அப்படியா. இனிமேதான் பண்ணப் போறாரா?"

"இல்லம்மா. பண்ணி முடிச்சிட்டாரு. இதான் அது." அக்கா முகத்தை நன்றாகத் திருப்பிக் காட்டினாள். "இந்தப் பக்கம் மூச்சு சுத்தமா நின்னுபோச்சு. பாதி வேலை செஞ்சாலே பாஸுன்னு சொன்னாரு. நல்ல மனுசன். இங்க மூக்குத்தி போட்டுகினு இருந்தேனா, அந்த ஓட்டைய நான் கேக்காமலே தெச்சிக் குடுத்தாரு."

பார்வதத்தின் கை தானாக மேலே போய் ஏழு கல்லையும் மூடிக்கொண்டது. எதிர் பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களும் மூக்கை மூடிக்கொண்டார்கள். "இருடி, அப்பாவைக் கேட்டுட்டு வரலாம்" என்று பார்வதம் மகளை எழுப்பினாள். அப்பாவைக் கேட்கப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அரைமணி நேரத்தில் பெஞ்சில் நாலு பேர்தான் மிச்சம். அதில் ஒருவருக்குக் காது கேட்காது, அதற்காகத்தான் வந்திருந்தார்.

டாக்டர் வெளியே வந்து பார்த்துத் திடுக்கிட்டார். "இங்க என்னம்மா பண்றே?"

"மகிழ்ச்சியா தெரிவிச்சிகினு கீறேன் சார். எங்கும் எவரிடமும்னு போட்டுகீதே."

"போதும் போதும். வீட்டுக்குப் போ."

"ஏன் சார், மூக்கு நல்லா இல்லியா?"

டாக்டர் வாயைத் திறந்தார். மிச்சமிருந்த நாலு பேரும் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றால் அவள் உட்கார்ந்திருக்கலாம். நன்றாக இல்லை என்றால் இவர்கள் எழுந்து போகலாம். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அந்த அஞ்சாறு மாதத்தில் முதல் தடவையாக வயிறு குளிர்ந்தது.

அன்றிலிருந்து தினமும் ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்து மண்ணூர்பேட்டைக்குப் போய்விடுவாள். ஒரு குறை சொல்ல மாட்டாள், குரலை உயர்த்த மாட்டாள், டாக்டரைப் புகழ்வதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. டாக்டர் நேரத்தை மாற்றிப் பார்த்தார். அவளும் மாற்றிக்கொண்டாள். கம்பவுண்டர் தங்கவேல் வேலையில்லாமல் ஒரு நாளைக்கு மூன்று தடவை பெஞ்சைத் துடைத்தான். அவனே ஒருநாள் அக்காவிடம் வந்து, "யக்கா, எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது, கொஞ்சம் பாத்து திருப்திப்படு" என்று கெஞ்சினான்.

டாக்டர் கடைசியில் பாஸ்கரனிடம் போய் நின்றார். அந்தப் பொம்பளைக்கு ஒரு மெமோ கொடுத்து அடக்குங்கள் என்றார். பாஸ்கரன் விதிப் புத்தகத்தை முழுக்கப் புரட்டிவிட்டுச் சொன்னதை, அங்கே டீ கொடுக்கப் போன நான் என் காதால் கேட்டேன். "அதிருப்தியைத் தடுக்க நாற்பத்தோரு விதி இருக்கு சார். திருப்தியைத் தடுக்க ஒண்ணுகூட இல்ல. தவிர, கேடயம் வேற வாங்கிட்டோம்."

முப்பத்தி மூன்றாம் நாள் சாயங்காலம் டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "உள்ள வாம்மா, லெட்டர் தர்றேன்" என்றார். அன்றைக்கென்று கொரட்டூரிலிருந்து ஒரு குடும்பம் விவரம் தெரியாமல் வந்திருந்தது, எல்லாமாகச் சேர்ந்து எட்டுப் பேர் இருந்தார்கள்.

"உள்ள இன்னாத்துக்கு சார். இங்கயே குடுங்க."

வெளியே வந்து கடிதத்தை நீட்டினார். அக்கா வாங்கி என்னிடம் கொடுத்தாள். நான் படித்தேன். மேல் ஆலோசனைக்காக அனுப்பப்படுகிறது என்று மட்டும் இருந்தது.

"காரணம் எழுதல" என்றாள் அக்கா.

"பெரியாஸ்பத்திரில அவங்களே பாத்துப்பாங்கம்மா."

"மூடின ஃபைலு சார். காரணம் இல்லாம போனா நான் சும்மா போய்ப் படுத்துகினேன்னு வேலைய வுட்டு எடுத்துடுவீங்க. நான் சொல்றேன், எழுதுங்க." அவள் சட்டத்தை மடியில் இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தாள். கொரட்டூர் குடும்பத்துத் தலைவர் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

டாக்டர் தங்கவேலின் மேஜையிலேயே குனிந்து எழுதினார். அக்கா நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார். வாங்குவதற்கு அவள் கையை நீட்டவில்லை.

"படிங்க சார். சரியா கீதான்னு பாக்கணும்."

டாக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு தாளை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல் படித்தார். "இந்த நோயாளியின் மூக்கை நான் இரண்டு முறை அறுத்தேன். இரண்டு முறையும் கெடுத்தேன். இவருக்கு மூச்சு வரவில்லை. நன்றாக இருந்த மூக்குத்தித் துளையைக் கேட்காமல் அடைத்தேன். இதைச் சரி செய்ய எனக்குத் தெரியாது. இப்படிக்கு, டாக்டர் இராமகிருஷ்ணன்."

அக்கா திரும்பிப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள்.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கல சார்" என்றாள்.